பார்த்ததா, கேட்டதா

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் இன்னமும் கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் அதே மாடி வீட்டில் இருக்கிறாரா, மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டாரா என்று எனக்குத் தெரியாது. இருக்கும் பட்சத்தில் என்னால் அவருக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது. கொல்கத்தாவில் உட்கார்ந்து இதைத் தமிழில் எவன் படிக்கப்போகிறான் என்று என் கணவர் கேட்கிறார். பயந்தவளுக்கு அந்த நியாயமெல்லாம் ஏறாது. கீழ்வீட்டுக்காரருக்கு நான் வைத்திருக்கும் துலால் என்ற பெயரும் அவருடையது இல்லை.

முதன்முதலில் அவரைப் பார்த்தது கொல்கத்தாவின் பவானிபூரில், தமிழர்கள் கூடிச் சாப்பிட்ட ஒரு பொங்கல் பந்தியில். நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்குப் போய், லேக் கார்டன்ஸில் இரண்டு பெண்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருவார்கள், எனக்கு ஏற்ற வேலை. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், “பாயசம் தீந்துபோச்சுங்க” என்று அங்கலாய்த்தேன்.

“பாத்தீங்களா, கேட்டீங்களா?” என்றார்.

“எதுங்க?”

“பாயசம் தீந்ததை நீங்க பாத்தீங்களா, யாராவது சொல்லிக் கேட்டீங்களா?”

“சொல்லித்தானுங்க கேட்டேன்.”

எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் வாளி. பாதிக்கு மேல் இருந்தது. எங்கள் வரிசைக்கெல்லாம் ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்து மோர்ச்சாதத்தைப் பிசைந்தார். ஜெயித்த களை முகத்தில் கொஞ்சம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி. இஸ்திரி போட்ட அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இன்னொரு மூக்குக் கண்ணாடி. ரயில்வேயில், விபத்து நடந்தால் சாட்சிகளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கும் பிரிவில் இருந்தார். தண்டவாளத்தில் ஒன்று நடந்துவிட்டால் அங்கே இல்லாதவன்கூட ‘நான் பார்த்தேன்’ என்பானாம். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, மற்றவன் சொன்னதைக் கேட்ட ஒரு மணி நேரத்தில் அது அவன் கண்ணுக்குள் படமாக ஓட ஆரம்பித்துவிடும் என்பார். “அந்தப் படத்தை அழிக்கறதுதாம்மா என் வேலை.”

இதற்கும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதையும் அவரே சொல்லியிருக்கிறார். அவர் பழவேற்காட்டுக்காரர். டச்சுக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடியவர். மிளகுக்கும் துணிக்கும் நம் கரைக்கு வந்த இரண்டு கூட்டம், தங்கள் ஊர்க் கடலில் ஏன் ஒருவர் கப்பலை ஒருவர் கொளுத்திக்கொண்டார்கள் என்று படிக்க ஆரம்பித்தவர் அதிலேயே விழுந்துவிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும் நடத்திய கடற்சண்டைகள்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள். அந்தக் காலத்துக் கேப்டன்கள் எழுதிய கடிதங்களின் அச்சுப் பிரதிகளை நூலகங்களில் தேடிப் படிப்பார். படித்துவிட்டு, “எல்லாரும் நம்ம தண்டவாள கேங்மேன் மாதிரியேதான் எழுதறாங்க. பாதிப் பேர் பாத்தது புகையை மட்டும்தான்” என்பார்.

அந்தப் புகையை அவர் பஞ்சால் செய்தார்.

சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டு முடியும் இடத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். மனைவியும் மகளும் மகளின் படிப்புக்காகச் சென்னையில் இருந்தார்கள். கூடத்தில் நாற்காலிகூடக் கிடையாது. தரை முழுக்க நீலத் துணி விரித்து, அதன் மேல் விரல் நீளத்துக்கு மரக் கப்பல்கள், காகிதப் பாய்களோடு. ஒரு கப்பல் சுட்டதாக எழுதினால் அதன் பக்கத்தில் பஞ்சைப் பிய்த்து வைப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமாகப் பஞ்சு நீளும். சாயங்காலத்துக்குள் கூடத்தில் கப்பலைவிடப் பஞ்சுதான் அதிகம் இருக்கும்.

இந்தக் கப்பல் சண்டையை விளையாட வருகிறவர்கள், அவர் கூப்பிட்டுப் போன என்னையும் சேர்த்து, ஏழெட்டுப் பேர் இருப்போம், பெரும்பாலும் வங்காளிகள். நாங்கள் கூடத்துக்குள் நிற்கக் கூடாது. உள் அறைகளில் பிரிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முறை வரும்போது ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை நீலத் துணியில் பதித்து, நம்முடைய கப்பல் இருக்கும் இடத்திலிருந்து ஓர் அட்டைக் குழாய் வழியாகப் பார்க்க வேண்டும். கப்பலின் உயரத்திலிருந்து என்ன தெரிகிறதோ அவ்வளவுதான். பார்த்தவுடன் எழுந்து போய்ச் சீட்டில் உத்தரவு எழுத வேண்டும். நாமே பார்த்ததற்கு வெள்ளைச் சீட்டு. மற்றக் கப்பலிலிருந்து வந்த செய்தி என்றால் பழுப்புச் சீட்டு. சீட்டை நீட்டும்போதெல்லாம் அதே கேள்வி வரும்: பாத்தியா, கேட்டியா? வங்காளிகளிடம், தேகேச்சோ, நா ஷுனேச்சோ? பழுப்புச் சீட்டை வைத்துக்கொண்டு சுடக் கூடாது. அதுதான் அவருடைய சட்டம்.

நான் ஒரு தடவை சுட்டேன். எதிரி என்று பக்கத்துக் கப்பல்காரர் எழுதி அனுப்பியதை நம்பி, நானே பார்த்ததாக வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு, பஞ்சை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினார். எங்கள் கொடி கட்டிய கப்பல் அது. “நீ கொன்னது உன் ஆளுங்களைம்மா” என்றார். குரலை உயர்த்தவில்லை. கப்பலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். ஒற்றைக் கண்ணால் பஞ்சை மட்டுமே பார்த்துக்கொண்டு தரையில் கிடக்கும்போது, அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத பயம் உண்மையானதுதான்.

அவர் திரும்பத் திரும்ப நடத்தியது ஒரே சண்டை. ஜூன் மாதத்தில் நான்கு நாள் தொடர்ந்து நடந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் மேற்கிலிருந்து வருகின்றன என்று யாரோ சொன்னதை நம்பி, ஆங்கிலேயர்கள் தங்கள் படையில் ஒரு பகுதியைப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் டச்சுப் படையிடம் தனியாக மாட்டிக்கொண்டார்கள். அதிலும் காற்று பலமாக அடித்ததால் கப்பல்கள் எதிரிப் பக்கமாகவே சாய்ந்து, கீழ்த்தட்டுப் பீரங்கி ஜன்னல்களைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும் என்ற நிலை. இதை அவர் சொல்லும்போது நமக்கே உடம்பு ஒரு பக்கம் சாயும். “எல்லாம் ஒருத்தன் கேட்டதைப் பாத்ததா சொன்னதால வந்தது” என்று முடிப்பார்.

அந்தக் கேள்வி எல்லா இடத்திலும் எடுபடும் என்று அவர் நம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவில் சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். கையில் பஞ்சு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். டியூஷன் முடிந்து நடந்து வருகிறாளாம். மூச்சு வாங்கியது.

“அப்பா, என் பின்னாடி யாரோ வர்றாங்கப்பா.”

“பாத்தியா, கேட்டியா?”

வாய் தவறி வந்ததுதான். ஆனாலும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் சற்று நேரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“பாக்கற வரைக்கும் நிக்கணுமாப்பா?” என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அவர் உடனே திருப்பிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் பெண் வீடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. யார் பின்னால் வந்தார்கள், வந்தார்களா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கு ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணின் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அவருடைய கேள்வியில் இருக்கிற நேர்மையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், அதில் இருக்கிற கல்நெஞ்சை அன்றுதான் பார்த்தேன்.

கீழ்வீட்டில் துலால் அண்ணன், வங்காளி வழக்கில் துலால்தா, இருந்தார். எலக்ட்ரீஷியன், கரகரத்த குரல், வாக்கியத்துக்கு ஒரு இருமல். “ஷோனோ” என்று, அதாவது ‘கேள்’ என்று, எதையும் ஆரம்பிப்பார். வெளிக் கேட்டின் சாவி அவரிடம்தான். ஞாயிற்றுக்கிழமை நான் போய் நின்றால், “ஷோனோ, யுத்தம் ஆரம்பிச்சாச்சு, ஓடு” என்று இந்தியில் சொல்லிக் கேட்டைத் திறப்பார். கூடத்துக்கு விளக்குப் போட்டுத் தந்தவர் அவர். அவருடைய மனைவி பூஜைக்கு வைத்திருந்த தூபச்சட்டியைச் சார், அப்படித்தான் அவரை நான் கூப்பிடுவேன், இரவல் கேட்டபோது, அதில் தேங்காய் நாரும் சாம்பிராணியும் போட்டு எப்படிப் புகைய விடுவது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

தூபச்சட்டி எதற்கு என்றால், சாருக்குப் பஞ்சில் திருப்தி இல்லாமல் போய்விட்டது. புகைக்குள் போகிற கொடியின் நிறம் எவ்வளவு தூரத்துக்குத் தெரியும், சிவப்பு முதலில் மறையுமா நீலம் மறையுமா என்று நிஜத் தண்ணீருக்கு மேல் பார்க்க வேண்டும் என்றார். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜீல் இருந்தது, பெரிய ஏரி. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும், தொலைநோக்கியோடு ஆட்கள் வருவார்கள், அப்போது போயிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சாருக்கு ஜூன் மாதம்தான் வேண்டும். சண்டை நடந்தது ஜூனில் என்பதால் வெளிச்சமும் ஜூன் வெளிச்சமாக இருக்க வேண்டுமாம். இந்தக் கிறுக்கைக் கேட்டு நான் சிரித்தேன். அந்த ஊர் ஜூனும் இந்த ஊர் ஜூனும் ஒன்றா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஜூனில் போன்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. ‘செலேதொரா’ வந்திருக்கிறான், பிள்ளை பிடிக்கிறவன், வெளியூர்க்காரன், கையில் சாக்குப்பை வைத்திருப்பான் என்று. எங்கள் ஆபீசில்கூட ஒருத்தி காட்டினாள். எந்த ஊரில் எடுத்தது, யார் எடுத்தது, ஒன்றும் தெரியாது. சாரிடம் சொன்னேன்.

“பாத்தியா, கேட்டியா?” என்றார்.

“வீடியோ பாத்தேனுங்க சார்.”

“வீடியோவைப் பாத்தே. பிள்ளை பிடிக்கறவனைப் பாத்தியா?”

நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஜீலின் இந்தக் கரையில், ஒரு கல்லின் மேல், அவருடைய பழைய தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் எதிர்க்கரையில் இருந்தார். தோளில் சாக்குப்பை. அதற்குள் கப்பல்களும் பஞ்சும், பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும். கரையில் வைத்த தூபச்சட்டியிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பள்ளி விடுமுறையில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு கொடி. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுபோல் இடைவெளி விட்டுக் கரையோரமாக நடக்க வேண்டும், நேராகப் புகைக்குள் நுழைந்து, ஆகாயத்தாமரை மண்டிய வளைவைச் சுற்றித் திரும்ப வேண்டும். என்ன நடந்தாலும் வரிசை கலையக் கூடாது. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு உற்சாகம்.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். வழியில் போகிற ஒருவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதை, ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களைத் தரையில் படுக்கவைத்து ‘அங்கிருந்து என்ன தெரிகிறது’ என்று கேட்ட அந்த மனிதர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

தொலைநோக்கியில் சத்தம் கிடையாது. முதலில் நைட்டியின் மேல் துப்பட்டா போட்ட இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி புகையைக் காட்டினாள். சார் கையை அசைத்து ஏதோ சொன்னார். விளையாட்டை விளக்குகிறார் என்று நினைத்தேன். பிள்ளைகள் எல்லாம் அதற்குள் புகைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். ஒருத்தர் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார். பிறகு எங்கிருந்து என்று தெரியவில்லை, ஆண்கள். சாக்குப்பையை ஒரு கை பிடித்து இழுத்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி போனது. வெள்ளைச் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கி அவர் தலைக்கு மேல் போர்த்தினார்கள். அதற்கப்புறம் முதுகுகள்தான் தெரிந்தன.

ஓடினேன். ஜீலைச் சுற்றிக்கொண்டு ஓடுவதற்குள் அவரைக் கொன்றுவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

பக்கத்தில் போனபோது எல்லாம் தலைகீழானது. இப்போது பார்க்க முடியவில்லை, கேட்க மட்டும் முடிந்தது. அடி விழும் சத்தம் கேட்டது. சாக்கு கிழிந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து, குரலை உயர்த்தியே அறியாத அந்த மனிதர், சட்டைக்குள் அமுங்கிய குரலில் வங்காளியில் கத்திக் கேட்டார்: “தேகேச்சோ, நா ஷுனேச்சோ?” அவ்வளவு பேரிடம், அந்த நேரத்தில், அதைக் கேட்டார். பதிலுக்கு இன்னொரு அடி விழுந்தது. அப்போதுதான் கூட்டத்தின் நடுவிலிருந்து கரகரத்த ஒரு குரல் வந்தது: “சாடிஷ் நா, ஓகே சாடிஷ் நா.” விடாதே, அவனை விடாதே. தொடர்ந்து ஓர் இருமல்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குக் கேட்டைத் திறக்கிற குரல்.

“விடுங்க, அவரை விடுங்க” என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. இந்தி, வங்காளி, எல்லாம் தொண்டையை விட்டே ஓடிவிட்டன. புரியாத பாஷையைக் கேட்டு வெளிவட்டத்தில் நின்ற இரண்டு பேர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

காப்பாற்றியது பிள்ளைகள்தான், அதுவும் தெரியாமல். வளைவைச் சுற்றி அவர்கள் திரும்பி வந்தார்கள். சொன்னது சொன்னபடி வரிசையாக, இடைவெளி விட்டு, கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முன்னால் வந்த சிவப்புக் கொடிக்காரி, யாரும் தங்களைப் பார்க்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அம்மாக்கள் பாய்ந்து ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஒருத்தி அறைந்தாள். எந்தப் பிள்ளையும் குறையவில்லை என்று தெரிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக, வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துபோனார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரோ மூக்குக் கண்ணாடியை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். கரையெல்லாம் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. துலால்தா அங்கே இல்லை.

போலீஸ் அவுட்போஸ்டில் இருந்த அதிகாரி நல்லவர். தண்ணீர் கொடுத்து, விசிறியைத் திருப்பிவைத்து, “ஒரே ஒரு பேர் சொல்லுங்க, இன்னைக்கே கூட்டிட்டு வர்றேன்” என்று இந்தியில் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டை தலைமேல் இருந்தது என்றார் சார். குரல் ஏதாவது அடையாளம் தெரிந்ததா என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

சார் என் பக்கம் திரும்பி, தமிழில், “பாத்தியா, கேட்டியா?” என்றார். கீழுதடு கிழிந்திருந்ததால் வார்த்தை வழுக்கியது.

“கேட்டேனுங்க சார். நீங்களும்தான் கேட்டீங்க.”

“அப்ப அது பழுப்புச் சீட்டு.”

“இது விளையாட்டு இல்லீங்க சார்.”

“அதனாலதாம்மா சொல்றேன்.”

அதிகாரியிடம், யாரையும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே, என்ன மனுஷன் இவர் என்று நெஞ்சு விம்மியது. தன் உடம்பில் அடி விழுந்த பிறகும் தன் சட்டத்தை மீறாதவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுவதற்குள் இரண்டு தடவை அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கேட்டைத் தட்டினேன். துலால்தா வந்து திறந்தார்.

“ஷோனோ தாதா,” என்றார், இருமினார். “ஒயர் வாங்க ஹௌரா பக்கம் போயிருந்தேன். இப்பதான் வந்தேன், வந்ததும் கேள்விப்பட்டேன். என்ன ஜனங்க இவங்க?” கிண்ணத்தில் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய சட்டைக் காலருக்குப் பின்னால் ஒரு கொத்துப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தேன். சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கச் சில்லு போன மூக்குக் கண்ணாடி வழியாக, நன்றாகப் பார்த்தார். பிறகு பார்வையைத் தரைக்கு இறக்கி, “தோன்னோபாத்” என்று வங்காளியில் நன்றி சொல்லி, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படியேறினார்.

மாடிக்குப் போனதும் நான் கேட்டேன். அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“பாத்தீங்களா சார்?”

“கதவைச் சாத்தும்மா” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவுட்போஸ்டில் நான் பார்த்தது சட்டம் இல்லை, பயம். அதைக் கேவலமாகவும் என்னால் நினைக்க முடியவில்லை. நான் பஸ் ஏறி லேக் கார்டன்ஸுக்கு வந்துவிடலாம். அந்தக் கேட்டுக்கு உள்ளே, அந்தச் சாவிக்காரருக்கு மேலே, தினமும் தூங்கி எழ வேண்டியவர் அவர். வேறு வீடு பாருங்கள் என்று பிறகு போனில் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். என்ன நினைத்துத் துலால்தா அப்படிக் கத்தினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் பயமாக இருந்திருக்கலாம். அந்தக் கூட்டத்தில், சாருக்குத் தூபச்சட்டி கொடுத்தவர் என்று தன்னைக் காட்டிக்கொள்ள எவருக்குத்தான் துணிச்சல் வரும்?

அப்புறம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். கேட் திறந்தே கிடந்ததால் நேராக மேலே ஏறி, கதவைத் தட்டினேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. என் பெயரைச் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. கதவில் புதிதாக இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தார். ஒரு எலக்ட்ரீஷியன் கீழே இருக்க, ஆணியும் திருகும் அவரே முடுக்கியிருந்தார், கோணலாக.

கூடத்தில் நீலத் துணி விரித்திருந்தது. மிதிபட்ட கப்பல்களில் தேறியவற்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். நாங்கள் இரண்டே பேர் ஆடினோம். நான் டச்சுக்காரர்கள், அவர் ஆங்கிலேயர்கள், நடுவராகவும் அவரே. பஞ்சு வைக்கும்போது அவர் கை அடிக்கொரு தரம் நின்றது. தெருவில் ஒரு வண்டி நின்றால் நின்றது. கீழே பக்கெட் நகர்ந்தால் நின்றது.

“பொண்ணுகிட்ட பேசினேன்” என்றார் திடீரென்று. “பாக்கற வரைக்கும் நிக்காதே, ஓடிடுன்னு சொன்னேன்.”

“நல்லதுங்க சார்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

நான் தரையில் படுத்து, குழாயைக் கண்ணில் வைத்தேன். பஞ்சுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அப்போது படியில் சத்தம் கேட்டது. யாரோ மெதுவாக ஏறி வந்தார்கள். ரப்பர் செருப்பு. பால்காரராக இருக்கலாம், மேல்தளத்துத் தொட்டியைப் பார்க்க வந்த யாராகவும் இருக்கலாம்.

சார் எழுந்தார். கப்பல்களுக்கு நடுவே நடக்கும்போது பாதத்தை அளந்து வைக்கிறவர், அன்று நீலத் துணியை மிதித்துக்கொண்டே போனார். ஒரு கப்பல் காலடியில் நொறுங்கியது. மேல் தாழ்ப்பாளைப் போட்டார், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டார், கதவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“யாருன்னு பாக்கவே இல்லீங்களே சார்” என்றேன்.

“கேட்டேம்மா” என்றார்.